விளக்கில் நின்ற யானைகள்



பழைய வெண்கலச் சிற்பங்கள் பற்றிப் பேச முடியுமா என்று இத்தொடரின் தயாரிப்பாளர் கேட்டபோது நான் சற்றுத் தயங்கினேன். நான் சிற்ப சாத்திரம் கற்றவன் அல்லன். மாத்தளைப் பகுதிப் பாடசாலைகளில் நீண்டகாலம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன். கொழும்பு நூதனசாலைக்கு மாணவரை அழைத்துச் சென்றபோதெல்லாம் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைவிட நானே கற்றுக்கொண்டதுதான் அதிகம். ஆனாலும் பேச ஒப்புக்கொண்டேன். காரணம் ஒரு விளக்கு. அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் வேறு சில விடயங்களையும் சொல்லியாக வேண்டும். நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் வீட்டில், வீடு என்று சொல்வது பெரிய வார்த்தை, மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் எங்கள் காம்பராவில், ஒரு கஜலட்சுமி விளக்கு இருந்தது. காமாட்சி விளக்கு என்று கடைகளில் இன்று கிடைக்கும் பித்தளை விளக்கை எல்லோரும் அறிவீர்கள். அதைப் போன்றதுதான், ஆனால் அதைவிடப் பெரியது, கனமானது. பின்புறத்தில் திருவாசிபோல் வளைந்த பலகை. அதன் நடுவிலே தாமரையில் அமர்ந்த திருமகள். இருபுறத்திலும் இரண்டு யானைகள் தும்பிக்கையைத் தூக்கிக் குடத்து நீரை அவள் தலைமேல் ஊற்றும். பலகையின் ஓரத்தில் இரண்டு யாளிகள். உச்சியில் ஓர் அன்னம். அந்த அன்னத்தைச் சிறுவயதில் நான் கோழி என்றே நம்பியிருந்தேன்.

அது வெண்கலம். அப்பாயி, அதாவது என் தகப்பனாரின் தாயார், விரல் முட்டியால் அதைத் தட்டிக் காட்டுவார். ஓசை சிறிது நேரம் நின்று அடங்கும். பித்தளை அப்படிப் பேசாது என்பார். செம்போடு வெள்ளீயம் கலந்தால் வெண்கலம், துத்தநாகம் கலந்தால் பித்தளை என்று நான் புத்தகத்தில் படித்தது வெகுகாலத்துக்குப் பின்பு. அப்பாயிக்குக் காது போதுமானதாக இருந்தது.

இந்த விளக்கு எங்கிருந்து வந்தது? எங்கள் குடும்பத்திலே வழிவழியாகச் சொல்லப்படுவது இதுதான்: எங்கள் முன்னோர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்தபோது, கூட வந்த ஒரு பெண் அதைத் துணியில் சுற்றி இடுப்பிலே கட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணின் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. விளக்கு வந்த கதை தெரிகிறது, கொண்டுவந்தவளின் பெயர் தெரியவில்லை. தோட்டத்து மக்களின் சரித்திரம் பெரும்பாலும் இந்த மாதிரித்தான்.

அந்தப் பாதையைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1820களில் தொடங்கி, இராமேசுவரத்துப் பக்கத்துக் கரைகளில் இருந்து தோணிகளில் ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, அநுராதபுரத்துக் காடுகள், தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு வந்து சேர்ந்த நடைபாதை அது. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். காடு முடிந்து மலை தொடங்குகிற இடம் மாத்தளை. உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் மாரியம்மனுக்கு நன்றி சொல்லக் கும்பிட்டார்கள். மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மனின் மாசிமகத் தேருக்கு இன்றும் மலையெங்கும் இருந்து சனங்கள் வந்து கூடுவதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று நான் எண்ணுகிறேன். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880இல். அதற்கு முன் வந்தவர்களுக்குக் கால்கள்தாம். நடந்து வருகிறவன் அரிசியைச் சுமப்பான், பாயைச் சுமப்பான். மூன்று நான்கு இறாத்தல் வெண்கலத்தை ஏன் சுமக்க வேண்டும்? இந்தக் கேள்வி எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உதித்தது.

விளக்கிலே உருவங்களை வைப்பது நமக்குப் புதியதன்று. நெடுநல்வாடையிலே நக்கீரர், யவனர் செய்த பாவை தன் கையிலே அகலை ஏந்தி நிற்பதைக் காட்டுகிறார். பெரும்பாணாற்றுப்படையில் யவனரின் அன்னவிளக்கு ஒன்று உவமையாக வருகிறது. ஆகவே, பெண்ணும் பறவையும் விளக்கோடு சேர்ந்தது சங்கப் புலவர்கள் கண்ட காட்சி. யானைகள் நீராட்டும் திருமகளும் இந்நாட்டிலே மிகப் பழையவள். அநுராதபுரக் காலத்து லட்சுமித் தகடுகள் என்று நாணயவியலாளர் சொல்லும் சிறு உலோகத் துண்டுகளிலே, ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, அவள் நின்றுகொண்டிருக்கிறாள். இரு யானைகளும் இரு பக்கமும் நிற்கின்றன. அவற்றை முதன்முதலில் நூதனசாலையில் பார்த்தபோது, ‘‘இது எங்கள் அப்பாயி விளக்கு அல்லவா!’’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பின்னால் நின்ற மாணவர்கள் சிரித்தார்கள்.

யானை விளக்கு என்று சொன்னதும் இலங்கையில் எல்லோருக்கும் நினைவு வருவது தெதிகம விளக்குத்தான். கேகாலை மாவட்டத்துத் தெதிகமவில், முதலாம் பராக்கிரமபாகு தான் பிறந்த இடத்தில் எழுப்பியதாகச் சொல்லப்படும் கோட்டவெஹெர என்ற தாதுகோபத்தை அகழ்ந்தபோது கிடைத்தது அது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குரியது. சங்கிலியில் தொங்கும் விளக்கு. மேலே சங்கிலியோடு சேர்ந்த தோரணமும் அதனுள் மனித உருவங்களும் இருக்கும். கீழே வட்டமான எண்ணெய்த் தட்டின் நடுவே ஒரு யானை நிற்கும்.

அந்த யானையை அழகுக்காக வைத்தது என்று நினைத்தால் ஏமாந்து போவோம். அதன் வயிறுதான் எண்ணெய்க் கிடங்கு. திரி எரிய எரியத் தட்டிலே எண்ணெய் இறங்கும். இறங்கி, யானையின் காலடியில் உள்ள துளை வெளிப்பட்டதும் காற்று உள்ளே புகும். காற்றுப் புகுந்தால் வயிற்றிலுள்ள எண்ணெய் கீழே ஒழுகும். தட்டு நிறைந்து துளை மூடியதும் காற்று நின்றுவிடும்; ஒழுக்கும் நின்றுவிடும். இதைச் செய்தவன் மனித கை படாமல் இரவு முழுவதும் எரியும் விளக்கைச் செய்திருக்கிறான். கோழிக்குஞ்சுகளுக்குத் தட்டிலே போத்தலைக் கவிழ்த்துத் தண்ணீர் வைக்கிறோமே, அதே சங்கதிதான். ஆனால் கோழித் தட்டுக்கு இந்த அழகு இல்லை. மாணவர்களுக்கு இதை விளக்கும்போது விஞ்ஞான ஆசிரியரையும் அழைத்துக்கொள்வேன். தமிழ் ஆசிரியர் சொன்னால் அவர்கள் நம்புவதில்லை.

இத்தகைய வார்ப்புகளைச் செய்யும் முறை ஒன்றுதான். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து முதலில் மெழுகிலே உருவம் செய்வார்கள். யானையின் நகம், திருமகளின் காதணி, யாளியின் பிடரி எல்லாம் மெழுகிலேயே முடிந்துவிடும். அதன்மேல் மெல்லிய வண்டல் மண்ணை அரைத்துப் பூசி, உலர்த்தி, மறுபடி பூசி, மேலே முரட்டு மண்ணால் மூடுவார்கள். பின்பு சூடேற்றினால் மெழுகு உருகித் துளைவழியே ஓடிப்போகும். அது இருந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பார்கள். ஆறிய பின் மண்ணை உடைத்தால் உள்ளே உருவம். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. ஆகவே அதே உருவத்தை இன்னொரு முறை அப்படியே செய்ய முடியாது. சுவாமிமலையிலே இன்றும் இந்த முறை வழக்கில் உண்டு. இப்படிச் செய்த ஒவ்வொன்றும் தனிப் பிறவி. இதை நேயர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டிலே கிடைத்த வெண்கலங்களில் தமிழருக்கு மிக நெருக்கமானவை பொலன்னறுவைச் சிலைகள். தொல்பொருள் ஆணையாளராயிருந்த பெல் என்பவர் காலத்தில், 1907, 1908ஆம் ஆண்டுகளில், சிவதேவாலயங்களின் இடிபாடுகளில் அவை வெளிப்பட்டன. நடராசர் கிடைத்தார். சுந்தரர் கிடைத்தார். கையிலே தாளத்தோடு, எலும்பும் தோலுமாக, காரைக்கால் அம்மையார் கிடைத்தார். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1914இல் கொழும்பு நூதனசாலை வெண்கலங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். இவை சோழநாட்டில் வார்த்துக் கொண்டுவரப்பட்டவையா, இங்கேயே வார்க்கப்பட்டவையா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். எனக்கு அந்த வாதத்தில் அதிகம் ஈடுபாடு இல்லை. நான் பார்ப்பது, நடராசரின் பீடத்திலே வாத்தியம் வாசித்துக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பூதகணங்களை. ஆடுகிறவரை எல்லோரும் பார்க்கிறார்கள். வாசிக்கிறவர்களைக் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

இனி ஒரு தேதியைச் சொல்கிறேன். 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் திகதி. கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த உடன்படிக்கை அன்றுதான் கண்டியில் வாசிக்கப்பட்டது. அப்போது தேசாதிபதியாக இருந்தவர் சேர் றொபர்ட் பிரவுன்றிக். இன்று இலண்டனில் பிரித்தானிய நூதனசாலையிலே, ஏறக்குறைய நாலேமுக்கால் அடி உயரத்தில், பொன்முலாம் பூசிய ஒரு பெண் தெய்வம் நிற்கிறாள். எட்டாம் நூற்றாண்டினள். தாராதேவி என்பார்கள். கண்ணகியாகிய பத்தினித் தெய்வம் என்று முன்பு எழுதியவர்களும் உண்டு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியில் கிடைத்ததாகக் கூறப்படும் இந்தச் சிலையை 1830இல் அந்த நூதனசாலைக்குக் கொடுத்தவர் இதே பிரவுன்றிக். கொடுத்தார் என்று நூதனசாலைக் குறிப்பு சொல்கிறது. அவருக்கு அதைக் கொடுத்தது யார் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

அந்த மார்ச் 2ஆம் திகதி நம்முடைய சட்டத்திலும் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தைப் பாருங்கள். சிலையோ, செதுக்கலோ, உலோக வேலைப்பாடோ, நாணயமோ, அது 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதாக இருந்தால், அல்லது முற்பட்டதென நம்பப்பட்டால், தொல்பொருள். அடுத்த நாள் செய்ததாக இருந்தால்? அந்த வரைவிலக்கணப்படி அன்று. எங்காவது ஒரு கோடு கிழிக்கத்தானே வேண்டும் என்பார்கள். நியாயந்தான். 1988இல் பண்பாட்டுச் சொத்துக்கள் பற்றித் தனிச் சட்டமொன்றும் வந்து, ஏற்றுமதியையும் வியாபாரத்தையும் அனுமதிப்பத்திரத்தின் கீழே கொண்டுவந்தது. ஆனாலும் அந்த 1815 என்ற கோடு என் மனதிலே உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் என்னுடைய மக்கள் இந்த மண்ணிலே கால்வைத்ததே அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். நாங்கள் இங்கே வந்து கட்டிய கோயிலும் வார்த்த மணியும் செய்த வாகனமும் எவ்வளவு பழையதானாலும் அந்தத் திகதியைத் தாண்டிப் பின்னே போக முடியாது. இடுப்பிலே கட்டிக்கொண்டு வந்த விளக்கு அதற்கு முந்தியதாக இருக்கலாம். ஆனால் அடுக்களை விளக்கிலே யார் ஆண்டைப் பொறித்தார்கள்?

எங்கள் மாவட்டத்து நாலந்தை கெடிகேயை நேயர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். பல்லவர் பாணியை ஞாபகப்படுத்தும் கற்கோயில். போவதன்னை நீர்த்தேக்கத்தில் அது மூழ்கப்போகிறது என்று கண்டதும், 1970களில் கல் கல்லாகப் பிரித்தெடுத்து, தண்ணீர் எட்டாத மேட்டிலே மீண்டும் அடுக்கி நிறுத்தினார்கள். நல்ல காரியம். அந்த வேலை நடந்த அதே பத்தாண்டில்தான் எங்கள் விளக்குப் போயிற்று.

1973, 1974ஆம் ஆண்டுகள். தோட்டங்களில் அன்று இருந்தவர்களுக்கு நான் எதையும் விவரிக்க வேண்டியதில்லை. மாவு இல்லை, அரிசி இல்லை. வேலை நாட்கள் குறைந்தன. மரவள்ளிக்கிழங்கும் கீரையும் தின்று வயிறு வீங்கிய பிள்ளைகள். எனக்கு அப்போது பதினான்கு வயது. என் தங்கைக்கு நான்கு வயது. அவள் எழுந்து நடப்பதை நிறுத்திவிட்டிருந்தாள். ஒரு நாள் காலை அப்பாயி விளக்கை எடுத்துச் சாம்பலும் புளியும் போட்டுத் துலக்கினார். வெள்ளிக்கிழமை அல்லாத நாளில் ஏன் துலக்குகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது. திரியை எடுத்து மண் அகலில் வைத்தார். என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு டவுனுக்கு நடந்தார்.

கடைக்காரர் கெட்ட மனிதர் அல்லர். அந்தக் காலத்தில் அவர் கடைவாசலில் எங்களைப்போல் பலர் நின்றார்கள். அவர் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். உருவங்களைப் பார்க்கவில்லை, அடிப்பாகத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு தராசிலே வைத்தார். திருமகளும் இரண்டு யானைகளும் இரண்டு யாளிகளும் அன்னமும் ஒரு தட்டில். மறு தட்டில் இரும்புப் படிகள். அப்பாயி தட்டைப் பார்க்கவில்லை, வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘‘தும்பிக்கை ஒண்ணு ஒடிஞ்சிருக்கே ஆத்தா’’ என்றார் கடைக்காரர். ‘‘அது பத்த வச்சிருக்கு முதலாளி, நல்லாத்தான் இருக்கும்’’ என்றார் அப்பாயி. அவ்வளவுதான் பேரம்.

வரும் வழியில் நாலு இறாத்தல் மாவும் கொஞ்சம் சீனியும் வாங்கினோம். தங்கை பிழைத்தாள். இப்போது அவளுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே அந்த விளக்கு விற்கப்பட்டது தவறு என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன்.

அக்காலத்தில் வெண்கலத்தை விற்றவர்கள் பசிக்காக மாத்திரம் விற்கவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் கப்பலேறிப் போனவர்கள், போகுமுன் அண்டாவையும் குத்துவிளக்கையும் விற்றுவிட்டுப் போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பெட்டியில் இடமில்லை என்பார்கள். நடந்து வந்த பாட்டி இடுப்பில் கொண்டுவந்ததை, கப்பலில் போகும் பேரன் கொண்டுபோக முடியவில்லை. பின்பு 1983 யூலையில் எத்தனையோ வீடுகள் எரிந்தன. மாத்தளையில் அம்மன் கோயிலும் தப்பவில்லை. அப்படிப் போனவற்றுக்கு விலையுமில்லை, தராசுமில்லை.

இங்கே தமிழ்நாட்டு வழக்கொன்றைச் சொல்லத் தோன்றுகிறது. தஞ்சைப் பகுதியில் பத்தூர் என்ற ஊர். 1976இல் அங்கே பாழடைந்த சிவன்கோயில் அருகில் மண்ணுக்குள் இருந்து ஒரு நடராசர் வெளிப்பட்டார். கைமாறிக் கைமாறி இலண்டனுக்குப் போனார். ஒரு கனடாக் கம்பனி அவரை விலைக்கு வாங்கியது. இந்திய அரசும் தமிழ்நாட்டு அரசும் வழக்குத் தொடுத்தன. அவற்றோடு வழக்காடிய இன்னொருவர் யார் தெரியுமா? அந்தக் கோயிலேதான். பூசை நின்று, கூரை விழுந்து, யாரும் எட்டிப் பார்க்காமல் கிடந்த கோயில், தன் தெய்வத்தைத் தா என்று இலண்டன் நீதிமன்றத்தில் நின்றது. 1991இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதன் உரிமையை ஏற்றது. நடராசர் நாடு திரும்பினார். இதைப் பத்திரிகையில் வாசித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. இடிந்த கோயில் வழக்காடலாம் என்றால், இடிந்த லயக் காம்பரா வழக்காட முடியாதா? முடியாது என்று எனக்குத் தெரியும். அது களவு, இது விற்பனை. களவு போனதைக் கேட்கலாம். நாமே விற்றதை என்னவென்று கேட்பது?

இனி விளக்கின் பிற்கதைக்கு வருகிறேன்.

2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, யூலை 28இல் தலைமன்னாரில் இருந்து தொடங்கிய நடைபவனி, ஆகஸ்ட் 12இல் மாத்தளையை வந்தடைந்தது. முழுத் தூரமும் நடக்க என் முழங்கால் இடங்கொடுக்கவில்லை. கடைசிச் சில மைல்கள் மாத்திரம் கூட நடந்தேன். ஆண்டாண்டு காலமாக பஸ்ஸிலே போய்வந்த வீதி அது. நடக்கும்போதுதான் வாசனைத் திரவியத் தோட்டங்களுக்கும் பத்திக் கடைகளுக்கும் இடையில் ஒரு பழம்பொருட் கடை இருப்பதைக் கண்டேன். அதன் கண்ணாடிக்கு உள்ளே, சிங்கப்பிடி வாளொன்றுக்கும் வெற்றிலைத் தட்டத்துக்கும் நடுவே, கஜலட்சுமி விளக்கு ஒன்று. யானையின் தும்பிக்கை ஒடிந்திருந்தது.

அன்று நிற்க முடியவில்லை. கூட்டம் தள்ளிக்கொண்டு போனது. அடுத்த வாரம் தனியாகப் போனேன். கடைப் பையன் ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு அதைக் காட்டிக்கொண்டிருந்தான். கண்டி இராசா காலத்துச் சாமான், இருநூற்றைம்பது வருஷம் என்றான். அவர்கள் போனபின் நான் விசாரித்தேன். என் சட்டையையும் குடையையும் பார்த்து ஏதோ காரியாலய உத்தியோகத்தன் என்று எண்ணினான் போலும். ‘‘இது பழசு இல்ல சேர். நூறு வருஷம்கூட இருக்காது. அனுமதியெல்லாம் தேவப்படாத சாமான்’’ என்றான். கால் மணி நேரத்துக்குள் விளக்குக்கு வயது நூற்றைம்பது குறைந்துவிட்டது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வாங்க வந்தவனுக்கு 1815க்கு அந்தப் பக்கம், கேள்வி கேட்க வந்தவனுக்கு இந்தப் பக்கம். விலை கேட்டேன். என் ஓய்வூதியத்தில் நான்கு மாதம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. பார்வை ஒரு கண்ணில்தான். அப்பாயி இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் விளக்கைத் துலக்கியவர் அம்மா. நாலு மாதம் என்றதும் ‘‘சாமான் நம்மளதா இருந்தா நாலு மாசம் கஞ்சி குடிப்போம்’’ என்றார். ஓட்டோ ஒன்றைப் பிடித்து அழைத்துச் சென்றேன். வழியில் என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. தங்கையிடம் ஒரு பங்கு கேட்கலாம். மகனிடம் கேட்கலாம். அந்தத் தும்பிக்கை என் நினைவிலே அவ்வளவு உறுதியாக இருந்தது.

பையன் விளக்கை எடுத்து மேசையில் வைத்தான். அம்மா முதலில் பார்க்கவில்லை, தொட்டார். பின்பலகையின் விளிம்பைத் தடவினார். திருமகளின் முகத்தைப் பெருவிரலால் தடவினார். யானைகளுக்கு வந்தார். இடப்பக்கத்து யானையிலே கை நின்றது.

‘‘இது இல்லப்பா’’ என்றார்.

‘‘நல்லாப் பாருங்கம்மா. தும்பிக்கை ஒடிஞ்சிருக்கு.’’

‘‘நம்மளுதுல ஒடிஞ்சது சோத்தாங்கை பக்கத்து யானை. ஈயம் வச்சுப் பத்தவச்ச எடம் மேடா இருக்கும். துலக்கறப்ப விரல்ல கீறும். இதுல பீச்சாங்கை பக்கம். பத்தவச்ச அடையாளமே இல்ல.’’ சற்று நேரம் கழித்து, ‘‘மூஞ்சியும் வேற. நம்ம லட்சுமிக்கு மூக்கு தேஞ்சு போயிருக்கும்’’ என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. தும்பிக்கை ஒடிந்திருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது; எந்தப் பக்கம் என்பது ஞாபகம் இல்லை. ஐம்பது ஆண்டுகளாக விளக்கை நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அதைத் துலக்கியவர் அவர்.

பையன் விளக்கை எடுத்து வைக்கப் போனான். ‘‘இருங்க தம்பி’’ என்று அம்மா தடுத்தார். எண்ணெய்க் குழியிலே விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுனியில் கறுப்பாக ஏதோ ஒட்டியது. பழைய எண்ணெய்ப் பிசுக்கு, கரியோடு சேர்ந்து இறுகியது. கடைக்காரர்கள் வெளிப்புறத்தை மினுக்கியிருந்தார்கள். குழியின் அடியை விட்டுவிட்டார்கள்.

‘‘யாரு வீட்டுதோ’’ என்றார் அம்மா. சேலைத் தலைப்பால் குழியைத் துடைத்தார். சரியாகப் போகவில்லை. இன்னொரு முறை எச்சில் தொட்டுத் துடைத்தார். பையன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். அம்மா விளக்கைப் பையனிடம் கொடுத்துவிட்டு, படியிறங்க என் கையைப் பிடித்துக்கொண்டார்.